பின்னால் வைத்த இரண்டடி

கஸ்பார் செத்து நாற்பத்தோராம் நாள் மத்தியானம், சாளைத்துறை ஐஸ் ஃபேக்டரியில் மோட்டார் பார்க்கிற ரொட்ரிகோ, தன் ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்தறியாத மனுஷன், மோட்டார் பழுதாகிக் கிடந்ததால் போக்கிடம் இல்லாமல் ரெய்மண்டின் வீடியோ கேம் கடையில் வந்து உட்கார்ந்து, சும்மாதானே என்று கன்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது, கஸ்பாருடைய ஆட்டம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்றுதான் சாளைத்துறையில் இன்றைக்கும் சொல்வார்கள், ஊருக்குப் போயிருந்த மாமியார் திரும்பி வந்ததைச் சொல்கிற அதே குரலில்.

யாருடைய ஆட்டம் என்பதில் அங்கே இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. திரையில் இருந்த முப்பது சண்டைக்காரர்களில் கஸ்பாரைத் தவிர யாரும் சீண்டாத அந்தப் பருத்த தாடிக்காரனை ரொட்ரிகோ தேர்ந்தெடுத்தார். அவருடைய நாக்கு, கஸ்பாருடையதைப் போலவே, இடது கன்னத்தை உள்ளிருந்து முட்டி, பாக்கு அதக்கியதுபோல் கன்னம் புடைத்தது. முதல் பத்து நொடிக்கு ஒரு அடிகூடத் திருப்பி அடிக்காமல் வந்ததையெல்லாம் முழங்கையில் வாங்கிக்கொண்டு, எதிராளிக்கு அலுத்துப்போகும் நேரம் பார்த்துத் தாழ ஒரு உதை விட்டார், எதிராளி மல்லாந்து விழுந்தான். விழுந்தவனை எழவிடாமல் மேலேயே நின்று அடித்து முடிக்க வேண்டும், அந்த ஆட்டத்தின் அரிச்சுவடியே அதுதான். ஆனால் ரொட்ரிகோவின் தாடிக்காரன் இரண்டடி பின்னால் வைத்து, விழுந்தவன் எழுந்து நிலைக்கு வரும்வரை பொறுமையாக நின்றான். ரெய்மண்ட் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கஸ்பார் அண்ணன் வந்திருக்காக," என்றான். "வந்தா உக்காரச் சொல்லு," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாளைத்துறைக்கு இந்த ஆட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னே சவேரியார் திருவிழாக் கப்பு பந்தாட்டத்துக்குத்தான் கொடுக்கப்பட்டது. பிறகு ஒரு புயலில் கடல் ஏறி வந்து மைதானத்தைப் பாதி தின்றது, அடுத்த வருஷப் புயலில் மீதியையும் தின்று இரண்டு கோல் கம்பங்களையும் கொண்டுபோனது, கப்பு மட்டும் பங்குக் கோயில் அலமாரியில் மிச்சம் இருந்தது. கப்பு இருக்கும்போது போட்டி இல்லாமல் எப்படி என்று ஊர்க்கமிட்டி கூடிப் பேசி, கோயிலுக்குப் பின்னால் பழைய வலைக்கிட்டங்கியில் ரெய்மண்ட் நடத்துகிற கடையின் சண்டை ஆட்டத்துக்கே கப்பை மாற்றிவிட்டது. அட்டைப்பெட்டியில் அதற்கு ஒரு நீளமான ஜப்பான் பெயர் இருந்தது, ஊர்க்காரர்கள் "குத்து" என்றார்கள். பந்தாட்டத்துக்கு இருந்த பேண்டு வாத்தியம், மாலை, மைக், பக்கத்து ஊரான மணல்திட்டோடு திருவிழா மாதம் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது எல்லாம் குத்துக்கும் அப்படியே வந்தது. அந்தக் கப்பை ஐந்து வருஷமாக மணல்திட்டுக்காரர்கள்தான் கொண்டுபோனார்கள், ஐந்து வருஷமும் இறுதி ஆட்டத்தில் தோற்றவன் கஸ்பார்தான், ஐந்து முறையும் அந்த இரண்டடியால்தான் தோற்றான்.

நண்டு கம்பெனியில் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலையிலிருந்த தெக்லாவுக்கு ஆள் போய்ச் சொன்னபோது, அவள் தலையில் மாட்டிய பிளாஸ்டிக் தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக அப்படியே வந்து நின்றாள். தெக்லா கஸ்பாரின் பெண்டாட்டி. கல்யாணமாகி மூன்று வருஷத்தில், மஞ்சள் காமாலை ஒன்பதே நாளில் அவனைக் கொண்டுபோயிருந்தது. நாற்பத்தோரு நாளாக யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவள், ரொட்ரிகோவின் புடைத்த கன்னத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தாடிக்காரன் பின்னால் வைத்த இரண்டு அடிகளையும் பார்த்தாள். பிறகு ரெய்மண்டிடம், "ஒரு நாற்காலி குடு தம்பி. இடப்பக்கமாப் போடு," என்றாள். வீட்டில் அவன் ஆடும்போது அவள் உட்காரும் பக்கம் அது.

ஒன்பது நாள் ரொட்ரிகோவின் கையில் இருந்த ஆட்டம், பத்தாம் நாள் மீன் வெட்டுகிற செலஸ்தீனாவிடம் போனது. அவளிடம் ஒன்பது நாள், பிறகு போக்குவரத்து ஏட்டு ஒருவரிடம் ஒன்பது நாள், பிறகு கண் ஆபரேஷன் முடித்துப் பச்சைத்துணி கட்டியிருந்த ஒரு பெரியவரிடம் ஒன்பது நாள், அவர் பார்க்காமலேயே ஆடினார். பங்குச் சாமியார் இதைப் பற்றி மறைமாவட்ட ஆயருக்கு எழுதிப் போட்டார், ஜெபிக்கும்படி மூன்று வரியில் பதில் வந்தது, ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று ஊர் திருப்திப்பட்டுக்கொண்டது. அடுத்து யாருக்கு வரும் என்பது மழை எப்போது வரும் என்பதைவிடப் பெரிய பேச்சாக இருந்தது. தங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, உயரத்தோடு, "பையனுக்கு ஒருக்கா கஸ்பார் வந்திருக்கு" என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒருவர் "ரெண்டு தரம்" என்று சொல்லி மாட்டிக்கொண்டார், ஏனென்றால் அது ஒருவரிடம் இரண்டாம் முறை போகவே இல்லை.

யாரிடம் போனாலும் தெக்லா அங்கே போனாள். கம்பெனி விட்டதும் சோப்புப் போட்டுக் கழுவியும் நண்டு வாடை போகாத கையோடு, கடையானால் கடைக்கு, வீடானால் வீட்டுக்கு, செலஸ்தீனா திரையைச் சந்தையிலேயே வைத்து ஆடியபோது சந்தைக்கு. எல்லோரும் இடப்பக்கம் நாற்காலி போட்டு வைத்தார்கள், சில வீடுகளில் காப்பியும் கொடுத்தார்கள். அவள் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டால் தெரியாது. எதிராளி விழும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பாள், தாடிக்காரன் ஒரு அடி பின்னால் வைப்பான், இன்னொரு அடி வைப்பான், அந்த இரண்டு அடி நேரத்துக்கு அவள் புருஷன் உயிரோடு இருந்தான். வாசல் திண்டில் ஏறுகிற பூனைக்கு வழிவிட்டு நிற்பவன், பஸ்ஸில் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்குபவன், சண்டை போட்டால் அவள் அழுது முடித்துப் பதில் சொல்லத் தயாராகும்வரை சுவரைப் பார்த்து நிற்பவன். கல்யாண போட்டோவில்கூட அவன் அவ்வளவாக இல்லை, அந்த இரண்டு அடியில் முழுசாக இருந்தான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அதை அவள் ஒளிக்கவும் இல்லை. மற்றவர்கள் கையில் அவனைப் பார்த்துப் பார்த்து, ஒரே ஒரு ஒன்பது நாள் தன் கைக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று நவநாள் ஜெபத்துக்கு மேல் நவநாள் ஜெபமாக வேண்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெய்மண்ட் கடையில் உட்கார்ந்து தாடிக்காரனைத் தேர்ந்தெடுத்து, ஐஸில் ஊறி மரத்துப்போன விரல்களைப் பட்டன்களின் மேல் வைத்துக் காத்திருப்பாள். எதிரில் இருப்பவர் அடித்துப் போட்டுவிட்டுப் போவார். அவள் விரல்களில் அவள்தான் இருந்தாள். "வீட்டுக்காரிகிட்ட வர வெக்கப்படுதாரோ என்னமோ," என்று செலஸ்தீனா ஒருநாள் கேலி பண்ணினாள். "அவுகளுக்கு வெக்கம் எல்லாம் கெடையாது," என்றாள் தெக்லா. "வரிசையில எல்லாரும் போவட்டும்னு நிக்காக. ஊருல எத்தன பேரு இருக்கோம்?" செலஸ்தீனா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஏழாயிரத்துச் சொச்சம் பேர், ஆளுக்கு ஒன்பது நாள். அதற்குமேல் அவள் கேலி பண்ணவில்லை.

நவம்பர் வந்தது. அது மரித்தவர்களின் மாதம், கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி கொளுத்தி, உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் கழிய வேகிற ஆத்துமாக்களுக்காகப் பூசை வைக்கிற மாதம். அதே மாதக் கடைசியில் திருவிழாக் கொடியும் ஏறும், அதையொட்டிக் கப்புப் போட்டியும் வரும். இந்த இரண்டு காரியங்களையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் உபதேசியார் மச்சாது. நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, எதைப் பார்த்தாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது என்று நம்புகிற ஆள். கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை, அதனால்தான் யாரையும் திட்டவும் வழியில்லை.

"கஸ்பார் ஏன் போவாம இங்கனயே சுத்துதான்? யோசிச்சுப் பாருங்க," என்றார் மச்சாது, பங்கு மண்டபத்தில் கூடிய கமிட்டியிடம். "ஒரு குற்றம் இருந்தாக்கூட மேல ஏற முடியாது. அது வேகணும், கழியணும். அவன் நல்ல பிள்ள, குடி கெடையாது, பொய் கெடையாது. அவன்கிட்ட இருந்த குற்றம் ஒண்ணே ஒண்ணுதான், நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த ரெண்டடி. அதக் கழிக்கத்தான் ஆளு மாத்தி ஆளு வந்து ஆடிக்கிட்டு இருக்கான், பாவம், முடியல. நம்மதான் கழிச்சு விடணும். இந்த வருஷம் கப்ப அவன் ஜெயிக்கணும்." ஐந்து வருஷமாகக் கப்பில்லாத ஊருக்கு, ஒரு ஆத்துமாவையும் கரையேற்றி அதே கையோடு கப்பையும் வாங்கலாம் என்றால் அதை மறுக்க யாருக்கு மனசு வரும்? எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அப்போது ஆட்டம் கான்வென்ட் பள்ளித் தலைமையாசிரியை சிஸ்டர் அவுரேலியாவின் கையில் இருந்தது. பௌதிகம் நடத்துகிறவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை, இப்போது அவர் கன்னமும் புடைத்துக்கொண்டது. ஊர் அவர் கையைத் திருத்த ஆரம்பித்தது. பின்னால் போகிற பட்டனின் மேல் ரெய்மண்ட் சோடா மூடியை வைத்து பிளாஸ்திரி ஒட்டினான். தாடிக்காரன் பின்னால் போகவில்லை, ஆனால் இரண்டடி வைக்கிற நேரத்துக்கு நின்ற இடத்திலேயே சும்மா நின்றான். சிஸ்டரின் கட்டை விரலைத் துணியால் கட்டினார்கள், விரல் கட்டுக்குள்ளேயே இரண்டு முறை துடித்தது. எதிராளி விழும்போதெல்லாம் காதருகே கோயில் மணியை அடித்தார்கள். செபமாலை சொன்னார்கள், அதட்டினார்கள், கெஞ்சினார்கள். "என்னால் ஆவதெல்லாம் செய்துவிட்டேன்," என்றார் சிஸ்டர் அவுரேலியா, தோற்றுப்போன மாணவியிடம் பேசுகிற கண்டிப்போடு தன் இடது கையைப் பார்த்து. "இது கேட்கிற கை இல்லை."

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது மறுபடி கமிட்டி கூடியது. தெக்லாவும் வந்து பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மச்சாது அவளைப் பார்த்துத்தான் பேசினார். "ஏ மகளே, நீ போயி ரெண்டடியப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிச் சோறு திங்கிற. அவன் அங்கன வேவுதான். குற்றம் கழிஞ்ச ஆத்துமா மேல ஏறுறதுக்கு முந்தி ஒருக்கா சொந்த வீட்டுக்கு வந்துட்டுத்தான் போவும். உன் கைக்கு வரலையேன்னு அழுதீயே, எப்படி வருவான்? கட்டிப் போட்டிருக்குல்லா." இது எந்த ஞானோபதேசப் புத்தகத்திலும் இல்லை. மச்சாதுவுக்கு அந்த நேரத்தில் தோன்றியது, சொன்னதும் அவருக்கே உண்மை என்று பட்டுவிட்டது.

தெக்லா எழுந்து நின்றாள். "நான் ஒருக்கா தடுத்திருக்கேன்," என்றாள்.

கல்யாணமான புதிதில் ஒரு ஈஸ்டர் திங்கட்கிழமை, வீட்டுக்கு விருந்துக்கு வந்த சித்தப்பா மகன் ஜூடோடு கஸ்பார் ஆடிக்கொண்டிருந்தான். ஜூடு ஏழு முறை விழுந்து, ஏழு முறையும் இரண்டடி தள்ளி நின்றவனிடமிருந்து எழுந்து வந்து அடித்து ஜெயித்துவிட்டு, வீடே அதிரச் சிரித்தான். அடுப்படியிலிருந்து வந்த தெக்லாவுக்குப் பொறுக்கவில்லை. எட்டாம் முறை ஜூடு விழுந்தபோது அவள் குனிந்து, கஸ்பாரின் இடது கட்டை விரலின் மேல் தன் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் விரல் மூன்று முறை தள்ளிப் பார்த்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. தாடிக்காரன் நின்ற இடத்திலிருந்தே அடித்து முடித்தான். இவ்வளவையும் அவள் கமிட்டியிடம் சொன்னாள், இறுதி ஆட்டத்தில் சிஸ்டரின் விரலையும் அவளே அப்படிப் பிடிப்பது என்று முடிவானது.

மீதியைச் சொல்லவில்லை. ஜூடு போன பிறகு கஸ்பார் ரொம்ப நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஜெயிச்சீகள்ல, பிறகென்ன?" என்று அவள் கேட்டாள். "நான் ஆடலயே பிள்ள," என்றான் அவன், கோபமே இல்லாமல். "அதுல நான் எங்க இருந்தேன்? வேற யாரோ வந்து ஆடிட்டுப் போன மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு பல நாள் அவன் கன்ட்ரோலரைத் தொடவில்லை. அவளும் அப்படி விரலை வைக்கவில்லை. இதைச் சொல்லியிருந்தால் கமிட்டி யோசித்திருக்கும், மச்சாதுகூட யோசித்திருப்பார். ஆனால் தன் கைக்கு அவன் வருவான் என்று ஒரு மனுஷன் வாய்விட்டுச் சொன்ன பிறகு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. அவன் வேகிறான் என்பதையும் அவளால் தாங்க முடியவில்லை. மைக்கில் ஐந்து வருஷமும் இரண்டாவதாகவே கேட்ட அவன் பெயரை முதலாவதாக ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்கிற சின்ன ஆசையும், மறைப்பானேன், இருந்தது.

இறுதி ஆட்டம் டிசம்பர் இரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்கு, பங்கு மண்டபத்தில், ஊரே கூடியிருக்க நடந்தது. மணல்திட்டின் டெரன்ஸ் மாலையும் கழுத்துமாக வந்து உட்கார்ந்தான். எதிரில் சிஸ்டர் அவுரேலியா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கன்னம் புடைக்க. அவருக்கு இடப்பக்கம் தெக்லாவின் நாற்காலி. ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பது முறையா என்று மணல்திட்டுக்காரர்கள் எழுந்து சத்தம் போட்டார்கள். "செத்தவன் ஆடுறதே முறையான்னு கேக்கல, இத மட்டும் கேக்கீக," என்று ரெய்மண்ட் மைக்கில் கேட்க, அவர்கள் அது நியாயம்தான் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் சுற்று சிஸ்டருக்கு, இரண்டாவது டெரன்ஸுக்கு. மூன்றாவது சுற்றில் தாடிக்காரன் வழக்கம்போல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அலுக்கும் நேரம் பார்த்துத் தாழ உதைத்தான். டெரன்ஸின் ஆள் விழுந்தான், இன்னும் ஒரே அடிதான் பாக்கி. தெக்லா குனிந்து, சாக்பீஸ் தூள் அப்பிய அந்த வயசான விரலின் மேல் தன் விரலை வைத்தாள்.

வைத்த உடனே தெரிந்துவிட்டது. அது சிஸ்டரின் விரல் இல்லை. இத்தனை மாதமும் அவள் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் இதோ தோலுக்கு அடியில் இருந்தான், அவன் சூடு இருந்தது, தூக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்கிற அதே அழுத்தம் இருந்தது. விரல் பின்னால் தள்ளியது. அவள் அழுத்தினாள். மறுபடி தள்ளியது. விட்டுவிடு, அவுக இஷ்டத்துக்கு விட்டுவிடு என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் ஏழாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மச்சாது கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை ரொம்ப மெதுவாகத் தள்ளியது, கேட்பதுபோல. அவள் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். அவள் ஒன்றைக் கேட்டு அவன் இல்லை என்று சொன்னது கிடையாது. விரல் விட்டுக்கொடுத்தது. தாடிக்காரன் நின்ற இடத்திலிருந்தே அடித்து முடித்தான்.

"ஜெயித்தவர், சாளைத்துறை கஸ்பார்!" என்று ரெய்மண்ட் கத்தினான், குரல் உடைந்து அழுதான். பேண்டு முழங்கியது. கப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் தெருவெல்லாம் போனது, தெக்லாவின் கழுத்தில் மாலை போட்டு முன்னால் நடக்க வைத்தார்கள். அவள் பெயரைக் கேட்டாள். கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். சிஸ்டர் அவுரேலியா மண்டபத்திலேயே உட்கார்ந்து தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வற்றிப்போயிருந்தது, அதன் பிறகு சாளைத்துறையில் யாருடைய கன்னமும் புடைக்கவில்லை.

ஆட்டம் போய்விடவில்லை, அதுதான் கொடுமை. கன்னமும் இரண்டடியும் கழிந்த பிறகு அதற்கு ஒன்பது நாள் கணக்கும் இல்லாமல் போனது, வரிசையும் இல்லாமல் போனது. ஒரே சமயத்தில் பத்துப் பேரிடம் வந்தது, நூறு பேரிடம் வந்தது, வந்தவர்களிடமே தங்கியது. தாழ உதைப்பார்கள், விழுந்தவனை எழவிடாமல் அடித்து முடிப்பார்கள். ஏட்டும் அப்படித்தான் ஆடினார், செலஸ்தீனாவும் அப்படித்தான் ஆடினாள், கையை மட்டும் பார்த்தால் யார் என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்குள் சுற்றுவட்டாரக் கப்புகள் எல்லாம் வந்து சேர்ந்தன, அலமாரி போதாமல் பீடத்துக்குப் பின்னால் அடுக்கினார்கள். "கஸ்பார் வந்திருக்கான்" என்று யாரும் சொல்வதில்லை, "நம்ம ஊர் ஆட்டம்" என்றார்கள். பொங்கலுக்குள் வெளியூர்க்காரர்கள் சாளைத்துறையோடு ஆடுவதையே விட்டுவிட்டார்கள். தங்களுக்குள்ளே ஆடிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே ஆட்டம், யாரும் விழுவதில்லை, நேரம் தீர்ந்து திரை அணையும். ரெய்மண்ட் கடையில் கூட்டம் குறைந்தது. கஸ்பாரின் ஆத்துமா மேலேறிவிட்டது என்று மச்சாது நன்றிப் பூசை வைத்தார், அவர் நம்பினார், மற்றவர்களும் நம்பினார்கள், ஒருவேளை ஏறியும் இருக்கலாம். அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

தெக்லா வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டாள். போனாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெய்மண்ட் கடைக்குப் போவதை மட்டும் விடவில்லை. மேலேறும் முன் சொந்த வீட்டுக்கு ஒருமுறை வருவான் என்று சொல்லியிருந்தார்களே. அவன் கடைசியாக இறங்குகிறவன், கடைசியாகத்தானே வருவான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மரத்த விரல்களைப் பட்டன்களின் மேல் வைத்து உட்கார்ந்திருப்பாள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தின் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்த பதினோரு மணிக்கு, அவள் கை அசைந்தது. எதிரில் ஆடியவன் திருநெல்வேலியிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன், ஊர் ஆட்டம் தெரியாதவன். அவள் விரல்கள் அவளைக் கேட்காமல் தாடிக்காரனைத் தேர்ந்தெடுத்தன. எல்லா அடிகளையும் முழங்கையில் வாங்கிக்கொண்டன. தெக்லாவுக்குக் கண் நிறைந்து திரை கலங்கியது. "தம்பி," என்றாள் ரெய்மண்டிடம், "அவுக வந்துட்டாக." ரெய்மண்ட் ஓடிவந்து அவளுக்கு இடப்பக்கம் நின்றுகொண்டான். தாழ ஒரு உதை, எதிராளி மல்லாந்தான்.

அவள் காத்திருந்தாள். கை காத்திருக்கவில்லை. தாடிக்காரன் ஒரே எட்டில் முன்னால் போய், கிடந்தவனை அடித்தான்.

அவள் இடது விரலைத் தானே பின்னால் தள்ளினாள். விரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வலது கையால் அந்த விரலைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், கன்ட்ரோலர் மடியிலிருந்து நழுவப் பார்த்தது, இடது கை அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு தன் வேலையைச் செய்தது. "ரெண்டடி," என்றாள் அவள், கையைப் பார்த்து, "ஏங்க, ரெண்டே ரெண்டடி." தாடிக்காரன் அடித்தான். கிடந்தவன் எழ முயன்றபோது மறுபடி அடித்தான். அந்த விரலுக்கு அடியில் சூடு இல்லை, அழுத்தம் இல்லை, வெட்கமோ பொறுமையோ இல்லை, யாருமே இல்லை. இந்த ஊரில் அதைக் கண்டுபிடிக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான், அதை அப்படி ஆக்கியவளும் அவள்தான்.

"மைனி, ஜெயிச்சிட்டீக!" என்று ரெய்மண்ட் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான். கடைக்குள் இருந்த நாலைந்து பேர் கை தட்டினார்கள். திருநெல்வேலிப் பையன் சிரித்துக்கொண்டே இன்னொரு ஆட்டம் கேட்டான். தெக்லா எழுந்து போய்விட நினைத்தாள், கால் எழுந்தது, கை கன்ட்ரோலரை விடவில்லை. அவள் மறுபடி உட்கார்ந்தாள். கை அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியது.